அஞ்சலிச் சுற்று

தலைவர் மூன்றாவது முறையாக ‘சகாப்தம்’ என்று சொன்னபோதுதான் அவள் காரின் முன்சக்கரத்தைப் பார்த்தாள்.

அதுவரை எதையும் பார்க்கத் தோன்றவில்லை. ரேஸ் டிராக்கின் ஷெட் வரிசைக்கு முன்னால் நீள மேசை போட்டுப் பெட்டியை வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் அவள் கணவர். பக்கத்திலேயே அவர் கடைசியாகக் கட்டிய கார். இரண்டுக்கும் மலர் வளையம் உண்டு. கார்மீது சாத்தியிருந்தது சற்றுப் பெரியது. அதில்தான் கார் பந்தயச் சங்கத் தலைவரின் பெயர் இருந்தது. டிவிக்காரர்கள் பெட்டியை ஒரு முறையும் காரைப் பத்து முறையும் காட்டுவார்கள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

“நமது தேசிய சாம்பியன்ஷிப்பின் வரலாறும் அன்னாரின் வரலாறும் இரண்டறக் கலந்தவை!” என்றார் தலைவர். மைக் கீச்சிட்டு ஆமோதித்தது.

கலந்தது உண்மைதான். எப்படிக் கலந்தது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. முதல் தேசிய சாம்பியன்ஷிப்பில் ஓடியவை ஐந்து கார்கள். முடித்தவை இரண்டு. மூன்றாம் பரிசு கொடுத்தே ஆகவேண்டும் என்று மந்திரி அடம்பிடித்ததால், எல்லைக்கோட்டுக்கு மிக அருகில் வந்து நின்றுபோன காருக்குக் கொடுத்தார்கள். அது இவர் கட்டிய கார். கூரை கிடையாது, ஒரே ஓர் இருக்கை, நான்கு சக்கரமும் உடம்புக்கு வெளியே. பட்டறையில் அதைப் பார்த்த உறவுக்காரர்கள், “பாவம், கட்டி முடிக்கறதுக்குள்ள கைக்காசு தீர்ந்துடுச்சு போல” என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட கார் கட்டியவர்கள் நாடு முழுக்க இரண்டே பேர். ஒருவர் இவர். இன்னொருவர் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிறவர். அவருடைய ரேஸ் காரில் கண்டக்டர் ஒருவர்தான் குறை.

பட்டம் வென்ற கார்களில் பாதிக்கு மேல் இவர் பட்டறையில் பிறந்தவை. கோப்பை ஓட்டியவருக்குப் போனது. புகழ் பணம் போட்டவருக்குப் போனது. சங்கம் வெள்ளிவிழா மலர் போட்டபோது தலைவர் பச்சைக்கொடி அசைக்கும் படம், சிவப்புக்கொடி அசைக்கும் படம், கொடியே இல்லாமல் கையை மட்டும் அசைக்கும் படம் எல்லாம் வந்தன. காரைக் கட்டியவர் ‘மற்றும் பலர்’ என்பதற்குள் அடக்கம். பிறகு ‘உலகத் தரம்’ என்று சொல்லி வெளிநாட்டுக் கார்களை இறக்கிப் பார்த்தார்கள். முதல் பந்தயத்தில் உடைந்த பாகத்துக்கு மாற்று அடுத்த சீசனில் கப்பலில் வந்து சேர்ந்தது. எல்லோரும் சத்தம் காட்டாமல் மறுபடி பழைய பட்டறைக் கதவைத் தட்டினார்கள். அவர் யாரையும் குத்திக்காட்டவில்லை. எத்தனை மில்லிமீட்டர் வளைந்திருக்கிறது என்று மட்டும் கேட்டார். எப்போதும் அதைத்தான் கேட்பார். அதனால் அவருக்குப் பெயரே மில்லிமீட்டர்தான். முதுகுக்குப் பின்னால் கேலியாகச் சொன்னார்கள், முகத்துக்கு முன்னால் மரியாதையாகச் சொன்னார்கள். அவர் இரண்டையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

முன்சக்கரத்துக்கு வருவோம். அந்தச் சக்கரத்தைக் காரின் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்திருப்பவை சில இரும்புக் கைகள். அவற்றின் நட்டுகள் ஒவ்வொன்றின் தலையும் முழு மஞ்சளாக, பொட்டுப் பொட்டாக மின்னியது.

அவள் அப்படி மஞ்சள் வைப்பவள் அல்ல.

அந்தப் பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது. முடுக்குகிறவர் வேறு, கோடு போடுகிறவர் வேறு. அவர் முதலில் எல்லா நட்டையும் விரலால் மாத்திரம் திருகி வைப்பார். நூல் கட்டிச் சக்கரத்தின் சாய்வை அளப்பார். அளவு திருப்தியான பிறகே ரெஞ்சை எடுப்பார். வேண்டிய இறுக்கம் வந்ததும் ‘டக்’கென்று சொல்லும் ரெஞ்ச். பிறகு அவள் வருவாள். தானும் ஒருமுறை ரெஞ்சை வைத்து அந்த டக்கைக் காதால் கேட்பாள். கேட்டால், நட்டின் மேலிருந்து பக்கத்து இரும்புவரை மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு இழுப்பாள். நட்டு துளி அசைந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கோடு போட அவள் வைத்திருந்தது நகப்பூச்சு. “உங்க கலருக்கு மஞ்சள் எடுக்காதேக்கா” என்று கடைக்காரப் பெண் ஒவ்வொரு முறையும் அக்கறையாகச் சொல்வாள். அவள் நகத்தில் இருந்ததெல்லாம் கிரீஸ். கோடில்லாத நட்டோடு எந்தக் காரும் அந்தப் பட்டறை வாசலைத் தாண்டியதில்லை.

இந்தக் காரின் முன்பக்கத்துக்கு அவள் கோடு போடவே இல்லை.

நேற்றுக் காலை கார் மூக்குக்குக் கீழிருந்து அவர் கால்கள் இரண்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் கால்களிடம், “டீ ஆறுது” என்றாள். சற்று நேரம் கழித்து, “உங்களத்தான். மறுபடியெல்லாம் சுடவெக்க மாட்டேன், சொல்லிட்டேன்” என்று மிரட்டினாள். எப்போதும் ஒரு பாதமாவது ஆடும். வருகிறேன் என்று அர்த்தம். ஆடவில்லை. டாக்டர் வந்து மாரடைப்பு என்றார். முடுக்கி முடித்த பிறகா, முடுக்க ஆரம்பிப்பதற்கு முன்பா என்று அவரிடம் கேட்க முடியுமா?

“தம்பி.” பக்கத்தில் நின்ற கொழுந்தனின் சட்டைக்கையை இழுத்தாள். “அந்த மஞ்சள் யாரு வெச்சது?”

கொழுந்தனின் அழுத முகத்தில் சின்னதாக ஒரு பெருமை எட்டிப்பார்த்தது. “நான்தான் அண்ணி. காலைல பாலிஷ் போட்டேனா, பார்த்தா பின்னாடி மஞ்சள் இருக்கு, முன்னாடி இல்ல. டிவில வரப்போவுதே, ஒரே மாதிரி இருக்கட்டும்னு எல்லாத்துக்கும் முழுசா அடிச்சு விட்டுட்டேன். உங்க பாட்டில்தான். காலி ஆயிடுச்சு.”

“ரெஞ்ச் வெச்சுப் பார்த்தியா?”

“ஐயோ, அண்ணன் கட்டின வண்டி அண்ணி. அதுல நான் கை வெப்பேனா?”

கொழுந்தன் சோபா ஷோரூம் வைத்திருப்பவர். எந்தப் பொருளானாலும் எதிரே நின்று பார்க்க லட்சணமாக இருக்கிறதா என்பதோடு அவர் கவலை தீர்ந்துவிடும். சரி, கார் நிற்கத்தானே போகிறது, நின்றுவிட்டுப் போகட்டும் என்று மனதைத் தேற்றப் பார்த்தாள்.

“இப்போது, அன்னாரின் ஒரே புதல்வர், நமது நடப்பு தேசிய சாம்பியன்,” தலைவர் குரலை உயர்த்தினார், “தந்தையின் இறுதிப் படைப்பில், முழு வேகத்தில், ஓர் அஞ்சலிச் சுற்று!”

சாவு வீட்டில் கை தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் கூட்டம் பாதிக் கை தட்டியது.

ஷெட்டுக்குள் மகன் ரேஸ் உடுப்பின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான்.

“யாரைக் கேட்டுடா ஒத்துக்கிட்டே?”

“தலைவர் நேத்தே கேட்டாரும்மா. நீ இருந்த நிலைமைல உன்கிட்ட எப்படிச் சொல்றது?”

“முன்பக்கம் முடியல. அப்பா முடிக்கல.”

“சித்தப்பா முடிஞ்சுடுச்சுன்னாரே. மஞ்சள்கூட இருக்கே.”

“அது நான் போட்டது இல்ல.”

அவன் கை ஜிப்பிலேயே நின்றது. புரிந்துவிட்டது. ஆனால் புரிந்த அடுத்த கணமே அப்பனின் பிடிவாதம் வந்து முகத்தில் உட்கார்ந்தது.

“அதுக்கு? மைக்ல போய், ‘எங்கப்பா கடைசி வண்டியை அரைகுறையா விட்டுட்டுப் போயிட்டாரு’ன்னு சொல்லணுமா? அதுவும் இன்னிக்கு? நான் ஏறலன்னா அவன் ஏறுவான். பாரு, ரெடியா நிக்கறான்.”

தலைவரின் மருமகன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தான். கண்ணாடியைக்கூட இறக்கிவிட்டிருந்தான்.

“அவனுக்கும் ஒரு அம்மா இருக்கா” என்றாள்.

மகன் வாசலில் நின்றவனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கருவிப் பெட்டியிலிருந்து ரெஞ்சை எடுத்து அவளிடம் நீட்டினான். “நீ பாத்துடு. நீ சரின்னா ஏறறேன்.”

இத்தனை வருடத்தில் அவள் டக்கைக் கேட்டிருக்கிறாளே தவிர, தானே ஒரு நட்டை முடுக்கியவள் அல்ல. இறுக்கம் அவர் பொறுப்பு, சந்தேகம் அவள் பொறுப்பு. பயத்தை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக் குடும்பம் நடத்தியவர்கள். இப்போது முழுசும் அவள் கைக்கு வந்துவிட்டது. ரெஞ்ச் இவ்வளவு கனம் என்று முன்பு தோன்றியதே இல்லை.

கூட்டத்துக்கு முன்னால், காருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“சிஸ்டர்…” தலைவர் மைக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தார். “என்ன இது? லைவ் போயிட்டிருக்கு.”

“போகட்டும்.”

தலைவர் இதற்கெல்லாம் அசருகிறவரா? நிமிர்ந்து மைக்கைத் திறந்தார். “கணவரின் கருவியைக் கையிலேந்தி அந்த வீரப் பெண்மணி விடைகொடுக்கும் காட்சி!” என்றார். கேமராக்கள் நெருங்கி வந்தன.

பின்பக்கம் அவள் ஏற்கெனவே பார்த்தது. இருந்தும் வைத்தாள். டக். டக். முன்வலது பக்கம், டக். அவளுக்கு மூச்சு வந்தது. முன்இடது பக்கம், மேல் நட்டு. டக். கீழ் நட்டில் ரெஞ்சை வைக்கக் கையைக் கொண்டுபோனாள். விரல் பட்டதும் நட்டு சுற்றியது. மருந்து பாட்டில் மூடி மாதிரி, எந்த மறுப்பும் இல்லாமல் சுற்றியது.

அவள் கை அங்கேயே நின்றுவிட்டது. மேல் நட்டுவரை அவர் இருந்திருக்கிறார். கீழ் நட்டுக்கு வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளிதான்.

“அண்ணி…” பின்னாலிருந்து கொழுந்தனின் குரல். “நான்… எனக்குத் தெரியாது அண்ணி…”

“லைட்டைப் பிடி தம்பி. இருட்டா இருக்கு.”

மகன் அவள் தோளுக்குமேல் குனிந்து அந்த நட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பட்டறையில் இன்னொரு சட்டமும் உண்டு. ஓட்டுகிறவன் நட்டைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வளைவில் அதையே நினைப்பான். அவனைப் போகச் சொல்ல அவள் மறந்துவிட்டாள்.

முடுக்கினாள். டக். ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் நட்டும் தளர்வாகவே இருந்தது. அதையும் முடுக்கினாள். டக். மறுபடி வைத்துப் பார்த்தாள். டக்தான். ஆனால் முடுக்கிய கையே மறுபடி முடுக்கி, அதே காது கேட்டால் அது என்ன கேட்டல்? வேறு யாரிடம் கொடுப்பது? கொழுந்தனிடம் கொடுத்தால் பாலிஷ் போட்டுவிடுவார். சுற்றிலும் தேசிய சாம்பியன்கள், முன்னாள் சாம்பியன்கள், சாம்பியன்களுக்குக் கொடி அசைத்தவர்கள். ஒரு நட்டைக் கேட்கத் தெரிந்த காது அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

“சரியாம்மா?”

“வேணாம்டா.”

“டக்குனு கேட்டுதா இல்லையா?”

“கேட்டுது.”

“அப்புறம் என்ன?”

அந்த வீட்டில் டக் என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். ‘மெதுவா’ என்ற சொல் தொண்டைவரை வந்தது. ரேஸுக்குப் போகிற யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை. விழுங்கிக்கொண்டாள்.

கார் உறுமிக்கொண்டு புறப்பட்டது. பெட்டியை ஏற்றிச்செல்ல வந்த வண்டியின் பக்கத்தில் போய் அவள் நின்றாள். அங்கிருந்து டிராக்கின் முதல் வளைவுதான் தெரியும். பிறகு மரங்கள். மரங்களுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தாலும் காதுதான் பார்க்க வேண்டும்.

முதல் கியர். இரண்டாவது. முதல் வளைவை எடுத்தான், மறைந்தான். மூன்றாவது கியர் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சத்தம் மெலிந்தது. அவள் வண்டியின் கதவுப்பிடியைப் பற்றினாள். அடுத்தது நீளமான இடது வளைவு. முன்சக்கரங்கள் மொத்தக் காரையும் தாங்கும் இடம். சத்தம் இன்னும் மெலிந்து நூலாகி அறுந்தது.

ஒன்றும் கேட்கவில்லை. தலைவர் பேசிக்கொண்டிருந்தார், வாய் அசைவது தெரிந்தது. மரங்களுக்குமேல் புகை வருகிறதா என்று பார்த்தாள். ஒரு காகம் எழும்பியது. அது எதற்காக எழும்ப வேண்டும்? யாராவது ஓடுகிறார்களா? கொடி ஆட்டுகிறார்களா? கதவுப்பிடி அவள் உள்ளங்கையில் வழுக்கியது.

பிறகு எங்கிருந்தோ பொட்… பொட்… பொட்டென்று ஒரு சத்தம். தண்ணீர் மோட்டார் மாதிரி.

கடைசி வளைவில் கார் வந்தது. காய்கறி வாங்கப் போகிற சைக்கிள் அதைத் தாண்டிப் போயிருக்கும். வளைவின் விளிம்பைத் தொடாமல், நட்டநடுவில், பால் செம்பை ஏந்தி வருவதுபோல் வந்தது.

“என்னம்மா இது,” வண்டிக்காரர் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார். “நான் பொணத்தோடயே இதைவிட வேகமாப் போவேனே.”

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “முழு வேகம்னுதானே பேச்சு?” என்று பக்கத்திலிருந்தவரிடம் பல்லைக் கடித்தார். பிறகு மைக்கில், “துயரத்தின் பாரம் தாங்காமல் தவழ்ந்து வருகிறது பாருங்கள்!” என்று உருகினார். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கார் அவள் முன்னால் வந்து நின்றது. அவன் உடனே இறங்கவில்லை. ஹெல்மெட் பட்டையை அவிழ்க்க விரல்களை மூன்று நான்கு தடவை கொண்டுபோனான், பிடி கிடைக்கவில்லை. அவள் குனிந்து அவிழ்த்துவிட்டாள். முகம் முழுக்க நனைந்திருந்தது.

“ஒரு பக்கமா இழுக்கலம்மா,” என்றான். “நேராத்தான் போச்சு.”

அவள் தலையாட்டினாள்.

அந்த மாதிரிக் காரில் ஸ்டீயரிங்கைக் கழற்றினால்தான் வெளியே வர முடியும். கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினான். பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். அவன் அவளோடு முன்னால் ஏறிக்கொண்டான். வண்டிக்காரர் சொன்னபடியே நல்ல வேகமாகப் போனார்.

கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொருவராக வந்து ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். தலைவர் போட்டுவிட்டுக் கைக்குட்டையால் கை துடைத்தார். கொழுந்தன் போட முடியாமல் உட்கார்ந்துவிட்டார். மகனின் முறை வந்தது. அவன் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி குழியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் வரிசை காத்திருந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அவள் அவன் கையிலிருந்து அதை வாங்கவில்லை. குனிந்து ஒரு பிடி அள்ளிப் போட்டாள். மறுபடி குனிந்து, அவன் பங்குக்கு இன்னொரு பிடி அள்ளினாள்.