ரப்பர் தின்ற மதிப்பெண்கள்

கணக்கு டீச்சரின் தொண்டை போயே போய்விட்டது. அதுவும் எப்போது? பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில். சாயங்காலமானால் பெற்றோர் போன் மேல் போன் போட்டு உயிரை எடுக்கிற நேரத்தில். புதன்கிழமை காலை, "புத்தகத்தை எடுங்க" என்று வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது.

அந்தத் தொண்டை லேசுப்பட்டதா என்ன? மூன்றாவது மாடியில் அவர் அதட்டினால் கீழே வாசலில் தூங்கும் காவல்காரர் எழுந்து நிற்பார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஏர்ஹாரன். அது அவருக்கும் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவர் கணவர் பஸ் டிரைவர். "ரோட்டுல ஒரு ஹாரன், வீட்டுல ஒரு ஹாரன், என் காது இரும்புக் காது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற மனுஷன்.

டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "ஒரு வாரம் மூச்! கிசுகிசுன்னுகூடப் பேசக்கூடாது. மீறினா அப்புறம் என்கிட்ட வராதீங்க."

டீச்சர் காலண்டரைப் பார்த்தார். அடுத்த வெள்ளிக்கிழமை மறுதேர்வு. மாதிரித் தேர்வில் கணக்கில் கோட்டைவிட்டவர்கள் ஏழு பேர். அவர்களுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. "முப்பத்தஞ்சு எடுக்கலேன்னா இந்த வருஷம் பரீட்சைக்கு அனுப்ப மாட்டேன். அடுத்த வருஷம் எழுதட்டும். பள்ளிக்கூடத்துப் பேரு முக்கியம்" என்று தலைமையாசிரியை சொல்லியாகிவிட்டது. அவர் ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

ஏழில் ஆறு பேர் எப்படியும் தட்டுத் தடுமாறிக் கரையேறிவிடுவார்கள். ஏழாவது ஆள்தான் ரப்பர். நூற்றுக்குப் பதினொன்று வாங்கியவள். பென்சிலால் எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள், மறுபடி அழிப்பாள். தாள் ஓட்டையாகும்வரை விடமாட்டாள். அவள் உட்கார்ந்து எழுந்த இடத்தைக் கூட்ட ஒரு ஆள் வேண்டும். கூடப் படிக்கிற பெண்கள் அவள் சொந்தப் பெயரையே மறந்துவிட்டார்கள்.

பேச முடியாத டீச்சர் என்ன செய்வார்? கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதிப் போட்டுவிட்டு, சும்மா நிற்கப் பிடிக்காமல் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தார். பதினெட்டு வருஷத்தில் அவர் அப்படி நடந்ததே கிடையாது. பலகைக்குப் பக்கத்தில் நின்றே பின்பெஞ்சுவரை எட்டுகிற குரல் இருக்கும்போது கால் எதற்கு?

மூன்றாவது பெஞ்சில் ரப்பரின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். இருபடிச் சமன்பாடு. பிள்ளை மளமளவென்று போட்டுக்கொண்டு போனாள். விடை மூன்று, நான்கு. சரி! அட, சரியாகப் போட்டுவிட்டாளே என்று டீச்சர் வாய் பிளந்து நிற்கும்போதே பென்சில் பெட்டியிலிருந்து ரப்பரை எடுத்தாள். சரசரவென்று அத்தனையையும் அழித்துவிட்டாள்.

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேராக ஆசிரியர் அறைக்குப் போய், பீரோவைத் திறந்து, அவளுடைய மாதிரித் தேர்வுத் தாளை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பென்சில் அழுத்திய தடம் எங்கே போகும்? கோடு கோடாகத் தெரிந்தது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்து, ஓரத்தில் மதிப்பெண் போட்டுக்கொண்டே வந்தார். அழித்த இடத்தில் மட்டும் நாற்பத்தேழு. இருக்கிற பதினொன்றையும் சேர்த்தால் ஐம்பத்தெட்டு!

அன்று சாயங்காலம் அவளை நிறுத்திவைத்து, நோட்டில் எழுதிக் காட்டினார். 'ஏன் அழிச்சே?'

அவள் காலால் தரையைத் தேய்த்தாள். "திட்டமாட்டீங்களே டீச்சர்?"

டீச்சர் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். இந்த நிலைமையில் எங்கே திட்டுவது? அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தைரியமும் கூடவே வந்தது.

"நான் எழுதிட்டிருக்கும்போது நீங்க சத்தம் போடுவீங்க. யாரைன்னு தெரியாது. என்னைத்தான்னு நெனச்சு உடனே அழிச்சிடுவேன். இப்ப சத்தமே இல்லேன்னாலும் கை தானா போகுது டீச்சர். வீட்டுல அம்மா எதிர்லயே உக்காந்திருக்காங்க. அவங்க பெருமூச்சு விட்டாக்கூட அழிச்சிடுவேன்."

சுருக்கென்று குத்தியது டீச்சருக்கு. பிள்ளை மண்டையில் ஒன்றும் ஏறவில்லை என்று வருஷம் முழுக்கக் கத்தினோமே, கத்தினதுதானே ஏறினதையும் இறக்கிவிட்டது! அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது. அழுதால் ஆயிற்றா? கையை நீட்டினார். அவள் தயங்கித் தயங்கி, மூலை தேய்ந்த அந்த ரப்பரை உள்ளங்கையில் வைத்தாள்.

'வெள்ளிக்கிழமைவரை இது என்கிட்ட இருக்கட்டும். தப்புன்னு தோணினா ஒரு கோடு போட்டு அடி. அழிக்காதே' என்று டீச்சர் எழுதினார்.

மறுநாள் அவள் அம்மா வந்து நின்றார். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை. மகள் பரீட்சைக்காக ஒரு மாதம் லீவு போட்டுவிட்டுக் காவல் காக்கிறவர்.

"டீச்சர், உங்களுக்குத் தொண்டை போனதுல எனக்குத் தூக்கமே போச்சு. நீங்க நாலு போடு போட்டாத்தான் அவ படிப்பா. நானும் ராப்பகலா கண்ணை எடுக்காம பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

டீச்சர் அவரை ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போய்த் தாளைத் தூக்கிக் காட்டினார். தடத்தின் மேல் விரலை ஓட்டினார். பிறகு நோட்டில் எழுதினார். 'நீங்க நாளைக்கே வேலைக்குப் போங்க.'

அம்மாவின் முகம் வெளுத்தது. "அப்ப... என்னாலயா டீச்சர்?"

'நம்ம ரெண்டு பேராலயும்' என்று டீச்சர் எழுதினார். இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் ஜன்னலையே பார்த்தார்கள்.

அடுத்து வந்த நாட்களில் ரப்பர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கை பெட்டிக்குப் போகும், வெறுங்கையாகத் திரும்பும். நகத்தைக் கடிப்பாள். ஆனால் போட்ட கணக்கு போட்டபடி நின்றது. செவ்வாய்க்கிழமை பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

வியாழக்கிழமை காலை டீச்சர் வீட்டில், "காபி ஆறிப்போச்சு" என்று ஒரு குரல். சொன்னவருக்கே ஆச்சரியம். கணவர் தம்ளரைத் தவறவிட்டார். "போச்சுடா, ஹாரன் ரெடியாயிடுச்சு!"

"உஷ், பள்ளிக்கூடத்துல யாருக்கும் தெரியக்கூடாது. இன்னும் ஒருநாள் நான் ஊமைதான்" என்றார் டீச்சர்.

வெள்ளிக்கிழமை. ஏழு பேர், ஏழு மேசை. டீச்சர் ரப்பரை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பாதி நேரம் போயிருக்கும், பின்னால் இரண்டு பேர் தலையைத் திருப்பிக் குசுகுசுத்தார்கள். அதுவும் என்ன நெஞ்சழுத்தம்! டீச்சருக்குச் சுரீரென்று ஏறியது. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய சத்தம் தொண்டைவரை வந்து முட்டிக்கொண்டு நின்றது. மூன்றாவது மேசையில் குனிந்து எழுதும் தலையைப் பார்த்தார். முழுங்கினார். கொதிக்கிற வெந்நீரை முழுங்கினாற்போல இருந்தது. சத்தமில்லாமல் எழுந்து நடந்து போய் அந்த இருவர் பக்கத்தில் நின்றார். அதுகள் பெட்டிப் பாம்பாக அடங்கின. ரப்பர் தலையை நிமிர்த்தவே இல்லை.

தாள்களைத் தலைமையாசிரியையே திருத்தினார். சாயங்காலம் டீச்சர் அவற்றை வாங்கிக்கொண்டு வகுப்புக்கு ஓடிவந்தார். பதினெட்டு வருஷத் தொண்டை, ஒன்பது நாள் விரதம். இனி யாரால் அடக்க முடியும்?

"அறுபத்து மூணுடீ!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வகுப்பே உறைந்துவிட்டது. ரப்பரின் கை பழக்கதோஷத்தில் பெட்டிக்குப் போய்த் துழாவியது. பெட்டி காலி. கை அங்கேயே நின்றது. பிறகு நிதானமாகத் தாளை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை விரலை வைத்துக் கூட்டினாள்.

"டீச்சர்!" அவள் குரல் அவ்வளவு பெரிது என்று அன்றுவரை யாருக்கும் தெரியாது. "கூட்டினது தப்பு! அறுபத்தஞ்சு வரணும்!"

டீச்சர் பிடுங்கிக் கூட்டினார். அறுபத்தைந்து. சத்தியமாக அறுபத்தைந்து!

"வாடி என்கூட!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குள் நுழைந்தார். அங்கே மதிப்பெண் பட்டியல் தயாராக இருந்தது. அந்தக் கண்டிப்பான அம்மாளும் தப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் எதையும் முதலில் பென்சிலால்தான் எழுதுவார் போலும். ரப்பர் தாளை மேசையில் வைத்து, ஒவ்வொரு பக்கமாக, கணீரென்று கூட்டிக் காட்டினாள். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"ஆமா... ரெண்டு விட்டுப்போச்சு." மேசையில் எதையோ தேடினார். "அழிக்கிறதுக்கு ஏதாவது இருக்கா?"

டீச்சர் கையை விரித்தார். உள்ளங்கையில் மூலை தேய்ந்த ரப்பர்.

"இந்தாடி, நீயே அழி. இது ஒண்ணை மட்டும்" என்றார்.