எச்சில் படாத மாஸ்க்

என் வேலையை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்கத்தான் அந்த அதிகாரி கடலுக்கு வருவதாக அலுவலகத்தில் சொன்னார்கள். மனைவி, மச்சான், ஒரு கூடைப் பழம் என்று அவர் வந்து இறங்கியதைப் பார்த்தால் சோதிக்க வந்தவர் மாதிரி இல்லை. படகுத்துறையில் அவருக்கு 'இஸ்திரி' என்று பெயர். எந்த உப்புக்காற்றிலும் சட்டை மடிப்புக் கலையாது.

நான் பவளப்பாறைப் பாதுகாப்பு அலுவலகத்தின் தற்காலிக வழிகாட்டி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், படித்ததும் கடலைத்தான். அன்று படகை ஓட்டியவர் அப்பா. படகு அவருடையது, பாறைக்கு ஆள் கூட்டிப்போகும் அனுமதி இஸ்திரி கையெழுத்தில் வருவது.

படகை மிதவையில் கட்டியதும் வழக்கமான பாடத்தைச் சொன்னேன். தொடக்கூடாது, நிற்கக்கூடாது, நான் இழுத்துப்போகும் மிதவை வளையத்தை விடக்கூடாது. கடைசியாக, தண்ணீருக்குள் பார்க்க முகத்தில் மாட்டும் மாஸ்க். கண்ணாடியின் உள்பக்கம் துப்பித் தேய்த்து, கடல்நீரில் அலசிப் போட்டால் ஆவி படியாது. சோப்பு, மருந்து எதையும் பாறைப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்பதால் எங்களுக்கு எச்சில்தான் கதி. மச்சான் காறித் துப்பினார். மனைவி திரும்பி நின்று நாசூக்காகத் துப்பினார். இஸ்திரி மட்டும் மாஸ்க்கைச் செத்த எலி போலத் தூக்கிப் பிடித்தார்.

"இதுல யார் யார் துப்பினாங்களோ."

"நல்ல தண்ணியில கழுவினதுதான் சார். இப்போ உங்க எச்சிதான்."

"படிச்ச பொண்ணு பேசுற பேச்சாம்மா இது?"

பின்னால் அப்பா இருமினார். வாயை மூடு என்று அர்த்தம். மூடினேன். இஸ்திரி கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

தண்ணீரில் இறங்கிச் சற்று நேரத்திலேயே அவர் மாஸ்க் வெள்ளையாகிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. வளையத்தை விட்டார், காலை உதறினார், கால் எதையோ தொட்டது, ஏறி நின்றுவிட்டார். மேசை மாதிரி விரிந்த பவளம் அது. கல்லூரிக் காலத்தில் நான் வந்து வந்து அளந்தது. ஓரம் முறிந்த சத்தம் தண்ணீருக்குள் எனக்குக் கேட்டது, காய்ந்த சுள்ளி முறிவதுபோல. மிச்சத்தின்மேல் நின்றபடி அவர் நிதானமாக மாஸ்க்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"காலை எடுய்யா!"

சார் என்ற சொல்லே வரவில்லை. அவருடைய லைஃப் ஜாக்கெட் பட்டையைப் பிடித்து இழுத்தேன்.

படகில் ஏற்றி உட்காரவைத்தோம். பவளம் கிழித்து அவர் பாதத்தில் ரத்தம். அப்பா கீழே உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் மடியில் வைத்துக் கட்டுப் போட்டார். தலை நிமிராமலே சொன்னார்:

"மாஸ்க் பழசு சார். பாக்காம நான்தான் குடுத்துட்டேன்."

பச்சைப் பொய். சாமான் கோளாறு என்றால் படகின் அனுமதி போய்விடும். அது அப்பாவுக்கும் தெரியும். இஸ்திரியின் முகம் தெளிந்தது. என் பக்கம் திரும்பினார்.

"அப்படித்தானேம்மா? நீயும் ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது. உன் வேலையை நான் பாத்துக்கறேன்."

அப்பா என்னைப் பார்த்தார். அந்த மனிதர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. படகைக் கொடுத்து எனக்கு ஒரு நாற்காலி வாங்கப் பார்க்கிறார். அதுவும் இவன் காலடியில் உட்கார்ந்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாஸ்க் நல்லாத்தான் இருந்துச்சு சார். துப்பத்தான் உங்களுக்கு மனசு வரல. உடைச்சது நீங்க."

அப்பா எழுந்து கும்பிட்டார். "சின்னப் பொண்ணு சார், என் பொண்ணுதான். மன்னிச்சிருங்க."

"ஓ, உங்க பொண்ணா?" இஸ்திரி சிரித்தார். "அதானே பாத்தேன்."

கரை வரும்வரை அவர் பழம் தின்றுகொண்டு வந்தார்.

வேலை வேறு யாருக்கோ போனது. அதை எதிர்பார்த்தேன். எதிர்பாராதது, அப்பாவின் அனுமதியையும் பிடுங்கியது. காரணம்: பழுதான மாஸ்க். படகோட்டியே ஒப்புக்கொண்டாராம். நான் சொன்னது அந்த அலுவலகத்தில் யார் காதிலும் ஏறவில்லை. அப்பாவின் பொய்யை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

"உங்கப்பா படகையே குடுத்தாரு," என்றாள் அம்மா. "உனக்கு ஒரு பொய் சொல்ல வாய் வலிச்சுதா?"

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். சாயங்காலமானால் வழக்கம்போலக் கொல்லையில் உட்கார்ந்து, யாரும் போடாத மாஸ்க்குகளை நல்ல தண்ணீரில் அலசுகிறார்.

"எதுக்குப்பா இன்னும் கழுவுறே?"

அன்று இஸ்திரி போட்ட மாஸ்க்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. துடைத்து ஆணியில் மாட்டினார்.