கடைசி வீட்டு வெளிச்சம்

செய்துகாட்டும் பலகையிலிருந்த குண்டு பல்பையும் வெள்ளைப் பல்பையும் எரியவிட்டு அர்ச்சனா நிமிர்ந்தபோது, காசியம்மாள் மூலையில் கவிழ்த்திருந்த மூங்கில் கூடையைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே ஒரு குண்டு பல்பு தொங்கியது. அதன் சூட்டில் கோழிக்குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக்கொண்டிருந்தன.

"இதுங்கள இன்னா பண்றது? உன் வெள்ள பல்ப மாட்டுனா குஞ்சுங்க வெறச்சிப்பூடும். அப்பால நீ வந்து அடை காப்பியா?"

வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அர்ச்சனாவும் சிரித்துவிட்டாள்.

"குஞ்சுக்கு அத்தயே வெச்சிக்கோ அத்தை. நீயும் இன்னா குஞ்சா, சூட்டுல கெடக்க? மத்த ரெண்டு ரூமுக்கும் இத்த மாட்டு. தொட்டுப் பாரு, கை சுடாது."

காசியம்மாள் வெள்ளைப் பல்பைத் தொட்டாள். பிறகு குண்டு பல்பின் பக்கம் விரலைக் கொண்டுபோய் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பலகையின் ஓரத்தில் பொருத்தியிருந்த சின்ன மீட்டரில், குண்டு பல்பு எவ்வளவு இழுக்கிறது, வெள்ளைப் பல்பு எவ்வளவு இழுக்கிறது என்பது எண்களாக ஓடியது. பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி தன் வீட்டு மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுவதைச் சொன்னாள். இன்னொருத்தி பழைய ஃபிரிட்ஜ் வாங்கும்போது ஸ்டார் பார்க்காமல் வாங்கிவிட்டதாக வருத்தப்பட்டாள். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பலகையைத் துணியில் சுற்றும் நேரத்தில் காசியம்மாள் மறுபடி வாயைத் திறந்தாள்.

"ஊரு பூரா வெள்ளையாக்கிட்ட. கடைசி வூட்ல மட்டும் இன்னும் மஞ்சளா எரியுதே, அது யாரு வூடும்மே?"

இந்த முறை அர்ச்சனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அது அவளுடைய வீடு.

கழுத்தில் அடையாள அட்டையைப் போட்டுக்கொண்டு அவள் குப்பம் குப்பமாகப் போகத் தொடங்கியது ஆடி மாதத்தில். மீஞ்சூரிலிருந்த ஒரு தொண்டு நிறுவனம், மின்சாரத்தைக் குறைவாக இழுக்கும் பல்பு, மின்விசிறி, ஃபிரிட்ஜ் பற்றி ஏரிக்கரைப் பெண்களிடம் எடுத்துச் சொல்ல ஆள் தேடியது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள் என்று அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். அதுவரை இறால் தரம் பிரிக்கும் கொட்டகையில் ஐஸ் தண்ணீரில் கையை விட்டு வேலை செய்ததில் அவள் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியே இருந்தன. அந்த வேலையை விட்டுவிட்டு இதற்குப் போ என்று சொன்னதே அவள் புருஷன் தினகரன்தான். செய்துகாட்டும் பலகையும் அவன் கைவேலை. உடைத்துப் போட்ட படகிலிருந்து நல்ல பலகையாக ஒன்றை எடுத்து இழைத்து, ஹோல்டர் பொருத்தி, தோளில் மாட்ட வலைக்கயிற்றையே பட்டையாகப் பின்னிக் கொடுத்தான். "டீச்சரம்மா கெளம்பிட்டாங்க, வழி வுடுங்கப்பா" என்று படகுத்துறை வரை கூவிக்கொண்டே வந்தான். அன்றைக்கு அவளுக்குக் கூச்சத்தில் நடக்கவே முடியவில்லை.

அதே ஆள்தான் தீபாவளிக்கு அப்புறம் மாறிப்போனான். தன் வீட்டுக்கு என்று அவள் கொண்டுவந்த பல்பு டப்பாவைப் பிரிக்கவே விடவில்லை. வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்றான். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்றான். வற்புறுத்தினால் எழுந்து வெளியே போய்விட்டான். விடிவதற்குள் ஏரிக்குப் போகிறவன் இருட்டிய பிறகே திரும்பினான். கரைக்கு வரும்போதும் கூலிங் கிளாஸ் போட்டிருந்ததால், மற்ற ஆண்கள் அவனை ஹீரோ என்று கூப்பிட்டார்கள். அவனும் கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு நகர்ந்தான். வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டான். அதிலும் பாதியைத் தட்டிலேயே விட்டான். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினான். பொன்னேரி ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் தேவி ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டால், போனை எடுத்துக்கொண்டு இருட்டான மூலைக்குப் போய்விடுவான்.

"நைனா, உன் மூஞ்சே தெரியல நைனா. வெளிச்சத்துக்கு வாயேன்."

"கொரல் கேக்குதில்ல, அது போதும். படிக்கிறியா?"

இதையெல்லாம் அர்ச்சனா வேறு விதமாகத்தான் கூட்டிப் பார்த்தாள். தான் நாலு பேரிடம் பேசிப் பழகுவது அவனுக்குக் கசந்துவிட்டது என்று நினைத்தாள். அல்லது அவன் மனது வேறு எங்கோ போய்விட்டது. தன் முகத்தை நேராகப் பார்க்காத புருஷனை வேறு எப்படி எடுத்துக்கொள்வது? ஒருநாள் புதுப்புடவை கட்டிக்கொண்டு அவன் எதிரில் வந்து நின்றாள். அவன் குனிந்தபடியே, "நல்லா கீது" என்றான். புடவையின் நிறம் என்னவென்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டான். அன்றிரவும் அவள் மனதிலிருந்ததைக் கேட்கவில்லை. கேட்டு, அவன் பதில் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

காசியம்மாள் வீட்டிலிருந்து கிளம்பும்போது மீஞ்சூரிலிருந்து பிரின்சியின் போன் வந்தது. தொண்டு நிறுவனத்தில் அவள் வேலையை மேற்பார்வையிடுகிறவள்.

"அர்ச்சனா, உங்க குப்பம்தான் முதல்ல முழுசா மாறின குப்பம். நாளைக்கு பேனர் எடுத்துட்டு வரேன். உங்க வீட்டு முன்னாடியே போட்டோ எடுத்துக்கலாம், சரியா?"

"சரிக்கா" என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கடியிலிருந்து டப்பாவை இழுத்தாள். ஸ்டூலில் ஏறிக் குண்டு பல்பை அழுத்தித் திருப்பிக் கழற்றினாள். அதன் தலையில் புகையும் தூசியும் பிசுக்காகப் படிந்திருந்தன. புதியதை மாட்டும்போது அவளுக்குள் கோபம்தான் இருந்தது. இன்றைக்கு எப்படியும் பேசிவிட வேண்டும். நான் வேலைக்குப் போவது பிடிக்கவில்லையா, என்னையே பிடிக்கவில்லையா, ஏதாவது ஒன்றைச் சொல் என்று கேட்க வேண்டும். வார்த்தைகளை ஒழுங்குபடுத்தி வைத்துக்கொண்டு, விளக்கைப் போடாமல் சுவிட்சுக்குப் பக்கத்தில் காத்திருந்தாள்.

பொழுது சாய்ந்து வாசல் மங்கிய நேரத்தில் அவன் வந்தான். கால் கழுவினான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான்.

"இன்னா இருட்டா கீது? கரண்டு இல்லியா?"

"கீது" என்று சுவிட்சைத் தட்டினாள்.

முதலில் சுவரின் விரிசல்களும் பரணின் ஒட்டடையும் தெரிந்தன. பிறகு அவன் தெரிந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான், ஆனால் தாமதமாகிவிட்டது. கண்ணில் வெள்ளையே இல்லை. பழுத்த எலுமிச்சைத் தோலைப் போல அத்தனையும் மஞ்சள். கழுத்திலும் கையிலும் சொறிந்து சொறிந்து கீறல்கள். தோள் எலும்பு இப்படிப் புடைத்து நிற்கும் ஆளையா இத்தனை நாளும் பக்கத்தில் படுக்கவைத்திருந்தோம் என்று நினைத்தாள். அவன் கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பினாள். நகம், உள்ளங்கை எல்லாம் அதே நிறம்.

"அணைச்சிடு அர்ச்சு."

"எவ்ளோ நாளா?"

அவன் தரையில் உட்கார்ந்தான். "தீவாளிக்கு முன்னாலருந்தே."

"யார்கிட்ட காட்டுன?"

"ஆந்திரா பக்கம் ஒருத்தர் வேரு அரைச்சிக் குடுத்தாரு. குடிச்சேன். கொஞ்சம் கொறைஞ்ச மாறி இருந்துச்சி. அப்பால திரும்ப ஏறிடுச்சி."

"நீ ஒரு சொட்டு குடிக்க மாட்ட. உனுக்கு எப்படிய்யா?"

"அதான் எனுக்கும் புரியல."

அவள் எதிரில் அமர்ந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, பாடு முடியட்டும் என்று இருந்தேன் என்றான். மழைக்குப் பின் இறால் ஏறும் மாதங்களில், ஏரியின் நல்ல இடங்களைக் குப்பத்தார் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். முறை வந்தவன் தானே இறங்கி வலை கட்ட வேண்டும். படுத்துவிட்டால் அந்த வருஷத்துக்கு அவன் பெயரை எடுத்துவிடுவார்கள். இந்த முறை அவனுக்குக் கிடைத்தது முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடம். அதற்காக இந்த உடம்போடு குளிர்ந்த தண்ணீரில் மார்பளவு நின்றிருக்கிறான்.

"பாடு போனா போவுது. என்கிட்டயாவது சொல்றதுக்கு இன்னா?"

அவன் கையிலிருந்த கீறலைத் தடவினான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நான் படுத்தன்னா நீ அந்தப் பலகைய தூக்கி பரண்ல போட்டுட்டு என் பக்கத்துல வந்து குந்திக்குவ. எனுக்குத் தெரியாதா உன்ன? நல்லா சிரிச்சிக்கினு போயினு வந்துனு இருந்த. அத்த கெடுக்க மனசு வரல."

அவளுக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, "நான் வேற எவளோன்னு நெனச்சன்யா" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தான். அந்த மஞ்சள் கண்ணிலும் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது.

"ஏரில எவ கீறா? நாரைதான் கீது. அதுங்களும் என்னக் கண்டா பறந்துடுது."

இருவரும் சிரித்தார்கள். அவன் சிரிப்பு பாதியில் அடங்கி, கை வலது விலாவுக்குக் கீழே போய் அழுத்திக்கொண்டது. அவள் ரசம் விட்டுச் சோறு கரைத்துக் கொடுத்தாள். விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், இனிமேல் எரியட்டும் என்றான். இரண்டு வாய் சாப்பிட்டான்.

காலையில் குழாயடியில் காசியம்மாள் நின்றிருந்தாள். "ஏம்மே, ஒருவழியா மாட்டிட்டியா? நேத்து உன் வூட்டுப் பக்கம் பாத்துட்டு..." என்று ஆரம்பித்தவள், பின்னால் வந்த தினகரனைப் பார்த்தாள். அவன் கண்ணாடி போட்டிருக்கவில்லை. அவள் குடத்தை அப்படியே கீழே வைத்தாள்.

"எப்பா தினகரா."

"ஒண்ணுமில்ல அத்தை. ஆரம்பாக்கம் வரிக்கும் போயினு வந்துடறோம்."

"என் புள்ளைய உன் வலைக்கு அனுப்புறேன். யாரு கேக்குறான்னு பாக்குறேன். நீ போ."

ஆரம்பாக்கத்து டாக்டர் சின்ன வயதுக்காரர். கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார். படுக்கவைத்து வயிற்றை அழுத்திக்கொண்டே வந்தவரின் கை ஒரு இடத்தில் நின்றது. அங்கேயே மறுபடி அழுத்தினார். எடை எவ்வளவு குறைந்தது, மலம் என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டார். அதன்பிறகு தினகரனிடம் எதையும் கேட்கவில்லை. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்.

"ஸ்கேன் இங்க எடுத்து நேரம் கடத்த வேணாம்மா. இன்னைக்கே போயிடுங்க."

"மஞ்சக்காமாலைதான சார்?"

"அது எதனால வந்துதுன்னு அங்க பாப்பாங்க" என்றார். அவர் பார்வை அவளைத் தாண்டி வாசலுக்குப் போனது. "கூட யாராவது ஆம்பளைங்க இருந்தா வரச்சொல்லுங்க."

ரயில் நிலையத்தில் எதிர்ப் பக்கத்து வண்டியிலிருந்து பிரின்சி இறங்கி வந்தாள். சுருட்டிய பேனரைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். தூரத்திலேயே கையசைத்தவள் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள். அர்ச்சனா எழுந்து, பலகை வீட்டில் இருக்கிறது, காசியம்மாளிடம் சாவி இருக்கிறது, சுண்ணாம்புக்குளத்தில் நாளைக்குச் சொல்லியிருந்த வீடுகளுக்கு வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று வரிசையாகச் சொன்னாள். பிரின்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். "நீங்களே திரும்பி வந்து அந்த வீடுங்களுக்குப் போவீங்க அர்ச்சனா, நான் யாரையும் போடல" என்றாள். வெளியே பஸ் ஹாரன் அடித்ததும் போய்விட்டாள்.

சென்னை வண்டி தாமதம் என்று ஒலிபெருக்கி சொன்னது. தினகரன் கல் பெஞ்சில் அவள் தோளில் சாய்ந்தான்.

"தேவிக்கு சொல்லாத. பரிச்சை வருது."

"சொல்லல."

"ஞாயித்துக்கெழம கூப்புடுவா."

"நான் பேசிக்கிறேன். நீ தூங்கு."

அவன் தூங்கிப்போனான். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சில் ஒரு புளித்த வாடை. கூரை முடியும் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் தண்டவாளத்தைத் தாண்டி மெதுவாக ஏறி வந்து முதலில் அவன் செருப்பில் விழுந்தது, பிறகு மடியில் விழுந்தது. அவனை எழுப்பி நிழலுக்குக் கூட்டிப்போக அவளுக்கு மனமில்லை. முகத்துக்கு வந்தபோது கையைத் தூக்கி, விரல்களைச் சேர்த்து, அவன் கண்களுக்கு மேலே பிடித்தாள். சரக்கு வண்டி ஒன்று நிற்காமல் போனது. அதன் பெட்டிகள் ஒவ்வொன்றாக அவர்கள் மேல் நிழலை எறிந்து, எடுத்து, எறிந்து கடந்தன. வண்டி போய் முடிந்தபோது அவள் தோள் கடுத்தது. இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, உள்ளங்கை அளவு நிழலை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.