தாமார் சொன்ன பொய்

குவேக்கர் என்னும் கிறிஸ்தவச் சபைக்காரர்கள் பொய் சொல்லமாட்டார்கள் என்பது பென்சில்வேனியாவில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனால்தான் தப்பியோடிய அடிமைகளைப் பிடிக்க மேரிலாந்திலிருந்து வந்தவன், ஆபேல் பைலின் வீட்டைச் சோதனை போடவில்லை. வாசலிலேயே நின்று ஆபேலையும் அவன் மனைவி தாமாரையும் கேட்டான்.

"ஒரே கேள்விதான். லெட்டி இங்க இருக்காளா? இல்லேன்னு சொல்லிடுங்க, நான் பாட்டுக்குப் போயிடுறேன். உங்க ஆளுங்க சொல்லுக்கு மேல சாட்சி எதுக்கு?"

தப்பி வந்த லெட்டியோ அவர்கள் காலடியிலேயே, தரைக்கடியிலிருந்த உருளைக்கிழங்குக் கிடங்கில் பதுங்கியிருந்தாள். ஆபேல் யோசித்தான். ஆமென்றால் அவள் உயிர் போச்சு. இல்லையென்றால் ஆயுள் முழுக்கக் காத்த வாய்மை போச்சு. வாயைத் திறக்காவிட்டாலோ, அதுவே பதிலாகிவிடும்.

"இல்ல," என்றாள் தாமார்.

வந்தவன் நன்றி சொல்லிவிட்டுக் குதிரையேறிப் போய்விட்டான்.

லெட்டி கனடா போய்ச் சேர்ந்த சேதி கிடைத்த வாரம், ஞாயிறு மௌன வழிபாட்டுக் கூட்டத்தில் தாமார் தானாக எழுந்து நின்றாள். பொய்யை ஒப்புக்கொள்ளப் போகிறாள் என்று ஆபேலுக்குப் புரிந்தது. சபை விலக்கிவிட்டால் நல்லது கெட்டதுக்கு ஒருவரும் வாசல் மிதிக்கமாட்டார்கள்.

"நான் பொய் சொன்னேன். அது தப்பு. எல்லார் முன்னாடியும் ஒத்துக்கறேன்," என்று நடந்ததைச் சொன்னாள்.

சபைக் கண்காணிப்பாளர் ஜோனஸ் பவுனல் லேசுப்பட்டவரல்ல. நடனமாடினான் என்று பெற்ற மகனையே விலக்கி வைத்தவர்.

"மனசு வருந்துறியா தாமார்?"

"வருந்துறேன் ஜோனஸ்."

"அப்போ இனிமே அப்படிப் பண்ணமாட்டேன்னு சொல்லிட்டு உக்காரு. இதோட முடிஞ்சுது."

சொல்லித் தொலையேன் என்று ஆபேல் உள்ளுக்குள் கெஞ்சினான்.

"அதைச் சொன்னா ரெண்டாவது பொய்யாயிடும். நாளைக்கே வேற ஒருத்தி என் கிடங்குல இருந்தா, அப்பவும் இல்லேன்னுதான் சொல்வேன். அப்பவும் அது தப்புதான். அப்பவும் இங்க வந்து நிப்பேன்."

ஆபேல், இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்தவளை அண்ணாந்து பார்த்தான். கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

அந்தச் சபையில் ஆண்கள் தொப்பியோடுதான் உட்காருவார்கள். நீதிபதி முன்னால்கூடக் கழற்றமாட்டார்கள். பிரார்த்தனையின்போது, கடவுளுக்கு மட்டும்தான். ஜோனஸ் எழுந்தார். விலக்குவதாகவும் சொல்லவில்லை, மன்னிப்பதாகவும் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். பின்னால் ஒவ்வொருவராக எழுந்து கழற்றினார்கள்.

ஆபேலுக்கு மட்டும் கை எழவில்லை. அன்று வாசலில் அவள் பொய் சொல்லும்போது, தன் வாய்மையைக் காப்பாற்றிக்கொண்டு அவன் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.