கபீர் பட்டறைக் கும்மட்டம்

அதை நட்சத்திரக் கூடம் என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்பதுதான் டோ கின் சான் எனக்கு இட்ட முதல் உத்தரவு. அவர் பர்மியப் பெண்மணி. யாங்கோன் போட்டாதாங்கில் கட்டடச் சாமான் வியாபாரம். சாமான் வாங்குவதும், லாரி பிடிப்பதும், துறைமுகத்திலிருந்து பெட்டிகளை வெளியே எடுப்பதும் அவரிடம் என் வேலை.

இது நடந்தது 2001-இல், ராணுவ ஆட்சியில். வடக்கே பகானையும் தாண்டி, முள்மரமும் மணலுமாகக் கிடக்கிற வறண்ட பூமியில், வெளிநாட்டுக்காரர்களுக்காக அவர் ஒரு விடுதி கட்டியிருந்தார். வருஷத்தில் பாதிக்கு மேல் மேகமே எட்டிப் பார்க்காத வானம். ஒரு பெரிய தொலைநோக்கியும், அதன் மேல் சுழலும் கூரையும் வைத்தால் வருகிறவர்கள் கூட இரண்டு நாள் தங்குவார்கள் என்பது அவர் கணக்கு.

“அனுமதிக்கு என்ன சொல்லியிருக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

“கூரை தண்ணீர்த் தொட்டி. சிங்கப்பூரிலிருந்து வரும் பெட்டிகள் பம்பு. பைனாகுலர் வைத்திருந்தாலே யாரைப் பார்க்கிறாய் என்று கேட்கிற ஊர் இது. என் பெயரும் எங்கேயும் வரக் கூடாது, ஜேசுராஜ்.”

வெள்ளைக்காரன் நிலாப் பார்ப்பதற்கா இவ்வளவு ஒளிவு மறைவு என்று எனக்கே உறுத்தியது. ஆனாலும் வேலையை ஏற்றுக்கொண்டேன்.

கூரைக்குக் கபீரைப் பிடித்தேன். பசுந்தாங் ஓடைப் பக்கம் அவனுக்குத் தகரப் பட்டறை. வாளி, புகைக்குழாய், மழைத் தண்ணீர்க் குழாய் எல்லாம் செய்வான். படத்தை விரித்துக் காட்டினேன்.

“தொட்டியா ஸயா? கவுத்துப் போட்டமாதிரி இருக்கே. தண்ணி எங்க நிக்கும்?” என்றான். ஆபீஸ்காரர்களையும் வாத்தியார்களையும் எங்கள் ஊரில் ஸயா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“செய்யச் சொன்னதைச் செய்.”

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஆனால் கை நல்ல கை. கோண இரும்பை வளைத்து எலும்புக்கூடு கட்டி, தகட்டைப் பூசணிக் கீற்று மாதிரி வெட்டி ரிவெட் அடித்தான். அடியில் வளையத் தண்டவாளம், அதில் ஓட டிராலிச் சக்கரங்கள், ஒரு பக்கம் திறந்து மூடும் பிளவு. பிளவு உச்சியைத் தாண்டி அந்தப் பக்கமும் கொஞ்சம் இறங்க வேண்டும்; இல்லாவிட்டால் நேர்மேலே உள்ளது தெரியாது. அந்தக் காரணத்தை மட்டும் நான் அவனிடம் சொல்ல முடியவில்லை.

அங்கேதான் அவன் தன் புத்தியை ஓட்டினான். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், உச்சியில் வட்டத் தொப்பி வைத்து மூடி, தொப்பி நகராமல் விரல் நீளத்துக்கு ஒரு கம்பியும் முறுக்கியிருந்தான்.

“உச்சி அறுந்த கும்மட்டம் எந்த ஊர்ல இருக்கு? ஒழுகினா எம்பேருதானே கெடும்?” என்றான். துருப்பிடிக்காமல் இருக்க அடிப்பூச்சும் அடித்திருந்தான். கடையில் கிடைத்தது பச்சை.

எதிர்த்த டீக்கடையிலிருந்து அவன் மச்சான் சாதிக் பாட்சா கத்தினான். “டேய் கபீரு! பாங்கு சொல்லவும் ஆளு பாத்துட்டியா? நான் வேணா வரேன், குரல் நல்லாத்தான் இருக்கு!”

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிவாசல் சுவரில் விரிசலைப் பூசக்கூட அனுமதி கிடைக்காத காலம் அது. கம்பியை எடு, உச்சியை அறு, வெள்ளை அடி என்றேன். வெள்ளிக்கிழமை கழியட்டும் என்றான்.

சனிக்கிழமை காலை சாதிக் பாட்சா ஆபீசுக்குப் போன் செய்தான். “ஸயா, ஓடி வாங்க. வார்டுத் தலைவரு வந்துட்டாரு. கபீரு தொட்டி தொட்டின்னு ஒளறிக்கிட்டு நிக்கிறான்.”

நான் போனபோது தலைவர், ஊ மியா தான் என்று பெயர், கும்மட்டத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கூட இரண்டு பேர். தெருவில் யாரும் இல்லை, ஜன்னல்களில்தான் ஆட்கள்.

“தொட்டிக்கு எதற்கு ஜன்னல்?” என்றார் பர்மிய மொழியில். “சக்கரம் எதற்கு? தண்ணீர் ஊர் சுற்றப் போகிறதா?” பிறகு கபீரிடம் திரும்பினார். “எந்தப் பள்ளிவாசலுக்கு? யார் சொல்லிச் செய்கிறாய்? சாயங்காலம் லாரி வரும். இதுவும் போகும், பட்டறைக்கும் பூட்டு. நீ எங்களோடு வா.”

இந்த மாதிரிக் காரியத்துக்காகக் கூட்டிக்கொண்டு போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. கபீரின் கண் என் மேலேயே இருந்தது. தொட்டி என்று நானும் சொன்னால் அவன் போவான். உண்மையைச் சொன்னால், துறைமுகக் கிடங்கில் பம்பு என்று கிடக்கிற தொலைநோக்கி போகும். என் வேலையும் போகும்.

“பள்ளிவாசலுக்கு இல்லை. இது நட்சத்திரம் பார்க்கிற கூடத்துக்குக் கூரை,” என்றேன்.

தலைவர் நின்றுவிட்டார்.

“நட்சத்திரமா? யாருக்கு?”

“பெயரைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு.”

“இந்தப் பிளவு எந்தத் திசைக்கு?”

“எந்தத் திசைக்கு வேண்டுமானாலும் திருப்பலாம்.”

நான் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் மாறியது. மேலிடத்துப் பெரியவர்கள் ஜோசியரைக் கேட்காமல் வீடு மாற்ற மாட்டார்கள், கிரகம் சரியில்லை என்றால் ரகசியமாகப் பரிகாரம் செய்வார்கள் என்று ஊரே நம்பியது. பெயர் சொல்ல முடியாத ஒருவர், எல்லாத் திசையும் திரும்புகிற கூரை, சாதாரணப் பட்டறையில் மறைவான வேலை. அவர் மனசில் கூட்டிப் பார்த்துவிட்டார்.

“இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே,” என்றார் மெதுவாக. தகட்டில் பதிந்திருந்த தன் கைத்தடத்தை லுங்கி முனையால் துடைத்தார். “நான் இங்கே வந்ததை அவரிடம் சொல்ல வேண்டாம்.”

அவர் நினைப்பதை மறுக்க நான் வாயைத் திறக்கவில்லை. கபீரை விட்டுவிட்டு, கூட வந்த இரண்டு பேரோடு அவர் போய்விட்டார்.

டோ கின் சான் கேட்டுவிட்டு நிறையத் திட்டினார். பிறகு யோசித்து, மேலிடத்துக்குச் செய்கிறோம் என்று தெருவில் பரவிவிட்ட வதந்தி அப்படியே இருக்கட்டும் என்றார். கிடங்கிலிருந்து பெட்டிகளும் கேள்வி இல்லாமல் வெளியே வந்தன. கும்மட்டத்தைக் கழற்றி லாரியில் ஏற்றி நானே வடக்கே கொண்டுபோனேன். கபீர் வர மறுத்துவிட்டான். அங்கே தரையோடு ஒட்டாமல் தனியாக ஒரு சிமெண்டுத் தூண் எழுப்பி, யார் நடந்தாலும் அதிராதபடி தொலைநோக்கியை அதன் மேல் நிறுத்தினோம். உச்சித் தொப்பியை அறுத்து, கூரைக்கு வெள்ளை அடித்தோம்.

மழைக்காலம் முடிந்து யாங்கோன் திரும்பினேன். கபீரைப் பார்க்கப் போனால் பட்டறையில் உலை பற்ற வைத்த அடையாளமே இல்லை. அவனை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். நாங்கள் நுழைந்ததும் பேச்சு நின்றது. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். சாதிக் பாட்சா நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

“என்ன சாப்பிடறீங்க, மச்சான்?” என்றான் கபீரிடம். கபீருக்கு முகம் செத்துப்போயிற்று.

வெளியே வந்ததும் சொன்னான்: “வாளி வாங்கக்கூட ஆளு வர்றதில்ல ஸயா. தொழுகைக்குப் போனா எம்பக்கத்துல எடம் விட்டு நிக்கிறாங்க. நான் மேலிடத்து ஆளாம். இங்க பேசறதெல்லாம் அங்க போகுதாம். சாதிக்கே வீட்டுல வெளிநாட்டு ரேடியோச் செய்திய என் முன்னால வெக்கிறதில்ல.”

“நான் சொல்றேன் அவங்ககிட்ட.”

“நான் சொல்லாததா? சொன்னா சிரிக்கிறாங்க.” தெரு முனைக்கு வந்ததும் திரும்பிப் பார்த்தான். “இப்ப யாருமில்ல. நெசத்தச் சொல்லுங்க. அது யாருக்கு?”

“வெள்ளைக்காரங்களுக்குத்தான் கபீர். சுற்றுலா வர்றவங்க.”

“எங்கிட்டயுமா ஸயா?” என்றான்.

அடுத்த மாதம் பட்டறைச் சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினில் இடம் பார்த்திருப்பதாகச் சாதிக் பாட்சா சொன்னான். எந்தத் தெரு என்று கபீரிடம் கேட்டேன்.

“பாலம் தாண்டி,” என்றான். வேன் கதவை இழுத்துச் சாத்தினான்.