ஏழாம் நம்பர் பாட்டில்

சாரல் தொடங்கினால் ஆதித்தன் சார் ரெயின்கோட்டைக் கழற்ற மாட்டார். தேனியில் எங்கள் கல்லூரி ஆய்வகத்துக் கூரை ஒழுகும். அதனால் உள்ளேயும் அதோடுதான். "ஒரு சொட்டு ஒட்டுதா பாரும்மா" என்று கையை உதறிக் காட்டுவார்.

ஒட்டாததுதான் என் பிரச்சினை. தண்ணீர் ஒட்டாமலிருக்கத் துணியில் பூசுவதும், என் ஆராய்ச்சியில் தண்ணீரிலிருந்து நான் அழிக்கப் பார்ப்பதும் ஒரே குடும்பத்து ஃப்ளோரின் ரசாயனங்கள். லேசில் சிதையாதவை. சல்ஃபைட் உப்பைக் கலந்து புற ஊதா விளக்கின் கீழ் ஒரு நாள் வைத்தால் சிதைய வேண்டும். மாதிரிகளைச் சோதித்துச் சொல்லும் மதுரை ஆய்வகம் இரண்டு முறையும் சிதையவில்லை என்றது. நாங்கள் எதுவும் கலக்காத வெறும் தண்ணீரில்கூட ரசாயனம் இருந்ததாம்.

மாதிரி எடுப்பது சார். "உனக்குக் கை நடுங்குதும்மா" என்பார். அவர் ரெயின்கோட்டின் கையிலிருந்து பாட்டிலுக்குள் தண்ணீர் சொட்டும்.

"இந்தத் தடவையும் ரிசல்ட் வரலேன்னா இந்த விளக்கை பிசிக்ஸ் டிபார்ட்மென்ட்டுக்குக் குடுத்துருவேன்" என்றார். ரெயின்கோட்டைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். விளக்கைத் துடைக்கப் போய்விட்டேன்.

ஆய்வக உதவியாளர் சங்கிலியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏத்தா, சொன்னா சார் கடிச்சா வைப்பாக?"

"நீங்க சொல்லுங்கக்கா."

"நான் ரெயின்கோட்ட வேணா எடுத்துத் தாரேன்."

சாப்பிடும்போது மட்டும் சார் அதை ஆணியில் மாட்டுவார்; அப்போது சங்கிலியம்மாள் எடுத்துத் தந்தார். அதன் வலது கையைச் சுத்தமான தண்ணீரில் அலசினேன். அதில் ஒரு பாட்டில், ஏழாம் நம்பர். மீதித் தண்ணீர் சல்ஃபைட்டோடு ஒரு நாள் விளக்கின் கீழ் இருந்தபின் எட்டாம் நம்பர். சார் எடுத்த ஆறு பாட்டிலோடு இரண்டையும் சேர்த்து மதுரை பஸ்ஸில் ஏற்றினேன். பாட்டில்களில் நம்பர் மட்டும்தான் இருக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் அறிக்கை வந்தது. சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஏழாம் நம்பர்ல இம்புட்டு ரசாயனமா! அடேயப்பா! நம்ம மாவட்டத்துல இப்படி ஒரு தண்ணி எங்கனம்மா கெடக்கு? எந்த வாய்க்கால்? கலெக்டருக்கே எழுதணும்."

நான் தரையைப் பார்த்தேன். சங்கிலியம்மாள் ஆணியைப் பார்த்தார். ஆணியில் ரெயின்கோட் தொங்கியது.

"சொல்லும்மா!"

"அது... உங்க ரெயின்கோட்டோட வலது கை, சார்."

சங்கிலியம்மாளுக்கு இருமல் வந்தது. நிற்கவில்லை.

"அப்ப எட்டு? அதுல ஒண்ணுமே இல்லையே."

"அதே தண்ணிதான் சார். விளக்குல வச்சது."

"யாரு எடுத்தது?"

"நான். ரெயின்கோட் இல்லாம, காட்டன் சுடிதார்ல."

சார் வெறும் தண்ணீரில் இருந்த ரசாயன அளவை மறுபடி பார்த்தார். ரெயின்கோட்டைப் பார்த்தார். பிறகு அதை ஆணியிலிருந்து எடுத்து என் மேஜையில் போட்டார்.

"இடது கை பாக்கி இருக்குல்ல? அதையும் அலசு. விளக்கு இங்கனயே இருக்கட்டும். இனிமே மாதிரிய நீயே எடு."

ஃபைலைத் தலையில் பிடித்துக்கொண்டு சாரலில் இறங்கினார்.

சங்கிலியம்மாள் சன்னலில் எட்டிப் பார்த்துக் கத்தினார்: "சார், நல்லா ஒட்டுது!"