ரயில் குகைக்குள் யார் போனது

கூலிம் ஹைடெக் பூங்காத் தொழிற்சாலையில் வாரம் முழுக்க நின்றபடியே வேலை பார்க்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது படுத்துக் கிடப்பதற்காகவே வருகிற நாள். அந்த ஞாயிறு காலையில் உமாராணி பாக்கார் ஆராங்கில் பெரியண்ணன் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, மறுபடியும் ஹாரனை அழுத்தினாள்.

“வர்றேன்லா! ஏன் இப்படிப் பறக்கிறே?” உள்ளேயிருந்து அண்ணன் பரஞ்சோதியின் குரல் மட்டும் வந்தது. ஆள் வரவில்லை.

எல்லாம் புது மாப்பிள்ளையால் வந்த வினை. பரஞ்சோதியின் மகளைக் கட்டிய சசிதரன் தெற்கே குளுவாங் பக்கத்துப் பையன். நல்ல பையன், அதுதான் கோளாறு. பெரியவர்கள் பேசினால் காது கொடுத்துக் கேட்பான். கல்யாணம் முடிந்ததிலிருந்து அவனுக்கு ரயில் குகைக் கதையைப் பரஞ்சோதி எத்தனையோ முறை சொல்லிவிட்டார். வேறு யாராவது என்றால் கொட்டாவி விட்டிருப்பார்கள். இவனோ, “மாமா, அந்த இடம் இன்னும் இருக்கா? ஒரு நாள் போய்ப் பார்க்கலாமே” என்று கேட்டுவிட்டான். எல்லாரும் ஏறுகிற மாதிரி வண்டி உமாராணியிடம்தான் இருந்தது. அவளை யாரும் கேட்கவில்லை. “ஞாயித்துக்கிழமை காலையில வந்துடு” என்று சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான். அவள் வீட்டுக்காரர் விஷயம் தெரிந்ததுமே தூண்டிலை எடுத்துக்கொண்டு கோலா கெடாவுக்குப் போய்த் தப்பித்துவிட்டார்.

அவர்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்துக்குப் பின்னால் ஒரு குன்று இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் அதற்கு அந்தப் பக்கம் கல்லுடைத்து, சின்ன ரயிலில் ஏற்றி, குன்றைக் குடைந்து போட்ட பாதை வழியாக வெளியே கொண்டுவருவார்களாம். கல் தீர்ந்ததும் ரயில் நின்றது. தண்டவாளத்தை யாரோ பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஓட்டை மட்டும் மிஞ்சியது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது ரயில் குகை. அங்கே போகக் கூடாது என்று எல்லா வீட்டிலும் மிரட்டி வைத்திருந்தார்கள்.

பரஞ்சோதியின் கதைப்படி, பதினைந்து வயதில் அவர் ஒரே ஆளாக டார்ச் லைட்டுடன் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தார். நடுவில் ஒரு நாகம் தலை தூக்கி நின்றது, இவர் அசையாமல் அதன் கண்ணையே பார்த்தார், அது இறங்கிப் போய்விட்டது. சின்னண்ணன் வசந்தனின் கதைப்படி நாகமும் இல்லை, ஒன்றுமில்லை. அண்ணன் பாதி வழியில் மயங்கி விழுந்தார், இவர்தான் அக்குளில் கைகொடுத்து இழுத்து வந்தார். கல்யாண வீடு, கருமாதி வீடு, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் என்று ஒரு இடம் விடாமல் இந்த இரண்டு கதையும் மோதிக்கொள்ளும். கடைசியில் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணனும் தம்பியும் ஒத்துப்போவார்கள்.

“இந்த உமா இருக்காளே, வாசல்லயே நின்னு அழுதுக்கிட்டிருந்தா!”

எல்லாரும் சிரிப்பார்கள். உமாராணி எழுந்து அடுப்படிப் பக்கம் போய்விடுவாள்.

ஒருவழியாகப் பரஞ்சோதி வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் அண்ணி சண்முகவள்ளி ஒரு கூடை நிறைய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு ஏறினாள். சசிதரன் ஏறினான். மகள் சுபாஷினி நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்குகிறாளாம். கொடுத்து வைத்தவள் என்று உமாராணி நினைத்துக்கொண்டாள். வழியில் கடைத்தெருவில் வசந்தனையும் ஏற்றிக்கொண்டார்கள்.

தோட்டத்துச் சாலைக்குள் திரும்பியதும் சண்டை தொடங்கியது.

“இடது பக்கம் போ.”

“இடது பக்கம் கோயில்லா அண்ணே. வலது பக்கம்.”

“கோயிலை எப்பவோ மாத்திட்டாங்கடா. நீ இடது பக்கம் போ உமா.”

“ரெண்டு பேரும் ஒரு பக்கம் சொல்லுங்க” என்றாள் உமாராணி. “இல்லைன்னா நான் நேரா வீட்டுக்குப் போறேன்.”

ரப்பர்ப் பால்மரம் ஒன்றுகூட இல்லை. எங்கு பார்த்தாலும் செம்பனை, எல்லா வரிசையும் ஒரே மாதிரி. தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளின் இடத்தில் உரமூட்டைக் கொட்டகை நின்றது. கடைசியில் வசந்தனும் இல்லாமல் பரஞ்சோதியும் இல்லாமல், மோட்டார் சைக்கிளில் காவல் சுற்றி வந்த ஒரு ஜாகாதான் வழி காட்டினார். “உள்ளே வௌவால் நிறைய இருக்கு, பாத்துப் போங்க” என்று மலாயில் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையில் இவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்பது போலப் பார்த்துவிட்டுப் போனார்.

குகை இருந்தது. உமாராணி நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்னதாக, வாயில் செடிகொடி மண்டி, கற்களின் இடுக்கில் வேர் இறங்கி இருந்தது. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. பாதை நடுவில் வளைந்து போவதால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியவில்லை.

“இதோ, இங்கதான் நான் நின்னேன்” என்றார் பரஞ்சோதி. “டார்ச்சை இப்படிப் பிடிச்சேன்.”

“டார்ச்சைப் பிடிச்சது நானு.”

“போலாமா மாமா?” என்றான் சசிதரன் ஆசையாக.

அண்ணன் தம்பி இருவரும் ஒரே நேரத்தில் குகையைப் பார்த்தார்கள். பரஞ்சோதி முழங்காலைத் தடவினார். “இல்ல மாப்பிள்ளை, இந்த முட்டி இருக்கே… டாக்டர் ஈரத்துல நடக்கக் கூடாதுன்னிருக்காரு.”

“எனக்குச் சக்கரை” என்றார் வசந்தன். “கால்ல கல்லு கில்லு குத்திச்சின்னா ஆறாது.”

“நாகத்தோட கண்ணையே பார்த்தவரு நீங்க” என்றாள் சண்முகவள்ளி.

“அது அப்போ! இப்போ எப்படி இருக்கோ என்னமோ, மண்ணு சரிஞ்சிருக்கும். ஆனா மாப்பிள்ளை, அன்னைக்கு நான் உள்ள போறப்ப…”

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். வசந்தன் குறுக்கே பாய்ந்தார். நாகம் வந்தது, மயக்கம் வந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கொசு கடித்தது. உமாராணி நாளை விடியுமுன் வேலைக்குக் கிளம்பவேண்டும், துவைக்காத துணி ஒரு மலை கிடக்கிறது. அவளுக்குத் தெரியும், அடுத்து அந்த வரி வரப்போகிறது. வந்தது.

“…இந்த உமா, இதோ இந்த இடத்துலதான் நின்னு…”

அவள் கைத்தொலைபேசியில் விளக்கைப் போட்டாள். உள்ளே நடந்தாள்.

“ஏ உமா! எங்க போறே? பாம்பு இருக்கும் புள்ள!”

அவள் திரும்பவில்லை. பின்னால் தண்ணீரில் சளக் சளக்கென்று ஓடிவரும் சத்தம் கேட்டது. சசிதரன்.

“நானும் வர்றேன் சின்னம்மா.”

தரையில் பாதம் நனைகிற அளவுக்குத் தண்ணீர். வௌவால் எச்சத்தின் நெடி மூக்கில் ஏறியது. விளக்கு பட்டதும் மேலே சின்னச் சின்னதாக என்னவோ நகர்ந்தது. சசிதரன் அவளுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தான்.

“வளைவு வந்ததும் இடது பக்கம் சுவத்துல ஒரு ஆள் நிக்கிற மாதிரி ஒரு பொந்து வரும். அதைத் தாண்டினா வெளிச்சம் தெரியும்” என்றாள் உமாராணி.

பொந்து வந்தது. தாண்டியதும் தூரத்தில் பச்சையாக வெளிச்சம் தெரிந்தது. சசிதரன் நின்றுவிட்டான்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க வெளியதான் நின்னீங்கன்னு மாமா சொன்னாரு.”

“சொல்வாரு.”

நடந்துகொண்டே அவள் சொன்னாள். ஒன்பது வயது அவளுக்கு. அப்பாவின் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் வந்தார்கள். சைக்கிளுக்குக் காவலாக அவளை நிறுத்திவிட்டு அண்ணன்கள் உள்ளே போனார்கள். சத்தம் போட்டுக்கொண்டே போனார்கள், பிறகு சத்தம் நின்றது. அவள் நின்றாள். வெயில் போய் நிழல் நீண்டது, அவர்கள் வரவில்லை. ஊருக்கு ஓடிப் போய்ச் சொன்னால் அண்ணன்களுக்கு அடி விழும், சொல்லாவிட்டால் அவர்கள் உள்ளேயே செத்துப்போவார்கள் என்று நினைத்தாள். அழுதாள், அது உண்மைதான். அழுதுகொண்டே உள்ளே போனாள். விளக்கு கிடையாது. சுவரைத் தடவித் தடவி, பெரியண்ணே, சின்னண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். அந்தப் பொந்துக்குள் கை போனபோது, குழிக்குள் விழுந்துவிட்டோம் என்று நினைத்து அங்கேயே சிறுநீர் கழித்துவிட்டாள். பிறகு வெளிச்சம் தெரிந்தது.

“மாமாங்க ரெண்டு பேரும் எங்கே இருந்தாங்க?”

“வௌவாலுக்குப் பயந்து ஒரே ஓட்டமா அந்தப் பக்கம் வெளிய வந்துட்டாங்க. அங்க பக்கத்துத் தோட்டத்து ஆளுங்க பந்து விளையாடிக்கிட்டிருந்தாங்களாம். சேர்ந்து விளையாடிட்டு, டிராக்டர்ல ஏறி வீட்டுக்குப் போயிட்டாங்க. நான் வெளிய வந்தப்ப அங்க யாருமில்ல, தனியா நடந்தே வீட்டுக்குப் போனேன். என்னை மறந்துட்டாங்க.”

“நீங்க ஏன் யாருகிட்டயும் சொல்லல?”

“சொல்லாம என்ன? அன்னைக்கே சொன்னேன். சைக்கிளை விட்டுட்டு வந்ததுக்கு அம்மா அடிச்சிக்கிட்டிருந்தாங்க, காதுல விழல. அப்புறம் எப்ப வாயைத் திறந்தாலும் இவங்க கதையை ஆரம்பிச்சிடுவாங்க.”

வெளியே வந்தார்கள். பந்து விளையாடிய திடல் இல்லை, அங்கேயும் செம்பனைதான். ஒரு பாறை மட்டும் நிழலில் கிடந்தது. உமாராணி அதில் உட்கார்ந்து சிலிப்பரைக் கழற்றித் தண்ணீரை உதறினாள். போன் அடித்தது. பரஞ்சோதி.

“எங்க இருக்கே? பார்த்தாச்சில்ல, திரும்பி வா. எல்லாருக்கும் பசிக்குது. நாங்க வாசல்லயே நிக்கிறோம்.”

வாசல்லயே நிக்கிறோம்.

“வரமாட்டேன்” என்றாள். “கார்ச் சாவி என்கிட்ட இருக்கு. வேணும்னா நீங்க வாங்க.”

“விளையாடாத உமா. எனக்கு முட்டி…”

“நாப்பத்தஞ்சு வருஷமா நடந்த குகைதானே? இன்னொரு தடவை நடங்க.”

போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். தனக்கு வந்தது கோபமா வேறு ஏதாவதா என்று அவளுக்கே விளங்கவில்லை. சசிதரன் பாறையின் இன்னொரு ஓரத்தில் அடக்கமாக உட்கார்ந்தான். நல்ல பையன்தான்.

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு குன்றின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“உமா… உமா…”

அடுத்து இன்னொரு குரல். “உமா, இருக்கியா புள்ள?”

அவள் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கூப்பிடுதலை இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும்போல் இருந்தது.

முதலில் வெளியே வந்தது சண்முகவள்ளி. தலையில் சாப்பாட்டுக் கூடை, புடவை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தது. “ஐயோ, இவங்க ரெண்டு பேரோட படுற பாடு!” என்று சொல்லிக்கொண்டே கூடையைப் பாறையில் இறக்கினாள். அவளுக்குப் பின்னால் பரஞ்சோதியும் வசந்தனும் ஒருவர் கையை ஒருவர் இறுகப் பற்றியபடி வந்தார்கள். வெளிச்சம் மேலே பட்டதும் வெடுக்கென்று விட்டுக்கொண்டார்கள்.

“ஒண்ணுமே இல்ல” என்றார் பரஞ்சோதி மூச்சு வாங்கிக்கொண்டு. “அப்ப இருந்த மாதிரியேதான் இருக்கு.”

“மாமா” என்றான் சசிதரன். “சின்னம்மாவும் அன்னைக்கு உள்ள வந்திருக்காங்க. தனியா.”

பரஞ்சோதி ஒரு நிமிஷம் யோசித்தார். முகம் மலர்ந்தது. “ஆமா ஆமா! நான்தான் இவ கையைப் பிடிச்சிக் கூட்டிட்டு வந்தேன். அந்த நாகம் வந்தப்ப இவளை எனக்குப் பின்னால…”

“அண்ணே!”

செம்பனையில் இருந்த பறவைகள் எழுந்து பறந்தன. உமாராணி அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை.

“யாரும் என் கையைப் பிடிக்கல. நீங்க பந்து விளையாடப் போயிட்டீங்க. நான் உங்களைத் தேடிக்கிட்டு வந்தேன். இருட்டுல. உங்க பேரைக் கூப்பிட்டுக்கிட்டே வந்தேன்.”

சண்முகவள்ளி பொட்டலம் பிரிப்பதை நிறுத்தினாள். வசந்தன் தலையைக் குனிந்து தன் ஈரக்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பந்து… ஆமாண்ணே” என்றார் மெதுவாக. “நீங்க கோல் போஸ்ட்ல நின்னீங்க.” பிறகு தங்கையைப் பார்த்து, “ரொம்ப நேரமா நின்னியா உமா?” என்று கேட்டார்.

“சாயங்காலம் வரைக்கும்.”

“அப்ப சைக்கிள்? அப்பா சைக்கிளை நான்தானே ஓட்டிட்டு வந்தேன்?” என்றார் பெரியண்ணன்.

“சைக்கிள் அந்தப் பக்கத்து வாசல்லயே கிடந்துச்சு. மறுநாள் அப்பா வந்து எடுத்துட்டுப் போனாரு. அதுக்குத்தான் நான் அடி வாங்கினேன்.”

“எங்களை அம்மா அடிக்கலையே” என்றார் பரஞ்சோதி.

“நீங்கதான் நேரத்துக்கு வீட்டுக்குப் போயிட்டீங்களே.”

இலையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். சம்பல் நன்றாகக் காரமாக இருந்தது. பாதியில் பரஞ்சோதி தன் பொட்டலத்தில் இருந்த அவித்த முட்டையை எடுத்து உமாராணியின் இலையில் வைத்தார்.

“எனக்கு வேணாம். கொலஸ்ட்ரால்.”

“சாப்பிடுலா” என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல்.

அவள் சாப்பிட்டாள். திரும்பி வரும்போது ஐந்து பேரும் ஒன்றாகத்தான் நடந்தார்கள். வசந்தன் பொந்துக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்று, கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்குத் துணி துவைக்க முடியவில்லை.

அடுத்த மாதம் கூலிமில் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். சாப்பாடு முடிந்து ஆண்கள் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டார்கள். பரஞ்சோதி தொண்டையைக் கனைத்தார். அடுப்படிப் பக்கம் போக எழுந்த உமாராணியைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ரயில் குகைக் கதை தெரியுமா? இரு, இரு, உமா சொல்லட்டும். அவதான் உள்ள போனவ.”

உமாராணி திகைத்துப்போய் உட்கார்ந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக, தொடக்கத்திலிருந்து தொடங்கினாள். சைக்கிள், வெயில், வாசல். கதையில் சுவரைத் தடவிக்கொண்டு நாலைந்து அடி வைத்திருப்பாள்.

“அங்க இல்ல உமா” என்று குறுக்கே வந்தார் பரஞ்சோதி. “நாகம் நின்னது அந்த இடத்துலதான். அதைச் சொல்லாம விட்டுட்டே.”

“நாகமே இல்லண்ணே” என்றார் வசந்தன்.

உமாராணி நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டாள். இரண்டு அண்ணன்களின் குரலுக்கும் மேலே தன் குரலை உயர்த்தி, விட்ட இடத்திலிருந்து சொல்லிக்கொண்டு போனாள்.